கம்பியில்லா வலையும் காவலும்

வீட்டிற்குச் சுவர் உண்டு. சுவரிடையே வாயில் உண்டு. வாயிலுக்குத் தாழும் உண்டு. ஆயினும் சுவரையும் தாழையும் பொருட்படுத்தாது வெளியே சென்று உலவும் பொருள் ஒன்று இக்காலத்து வீடுகள் பலவற்றில் உளது. அதுவே வை-ஃபை கருவி பரப்பும் வானலை. கம்பி வழியே வரும் இணையச் செய்தியை ரூட்டர் என்னும் கருவி அலையாக்கி நாற்புறமும் பரப்புகின்றது. கூடத்தில் அமர்ந்து பாடம் படிக்கும் மாணவனுக்கும் அவ்வலை எட்டும். தெருவில் நிற்கும் அயலானுக்கும் எட்டும். அலையைச் சுவருக்குள் அடைத்தல் அரிது. அதில் செல்லும் செய்தியைப் பிறர் அறியாவாறு மறைத்தலே இயல்வது.

இவ்வுண்மையை அறிஞர் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1997-ஆம் ஆண்டில் 802.11 என்னும் பொதுவிதி வெளிவந்தபோதே 'வெப்' என்னும் மறைமுறையும் அதனுள் இடம்பெற்றது. கம்பிக்கு நிகரான காப்பு என்பது அப்பெயரின் கருத்து. பெயர் பெரிது; காவலோ சிறிது. 2001-இல் ஃப்ளூரர், மாண்டின், ஷமீர் என்னும் மூவர் அம்முறையின் அடிப்படையில் இருந்த குறையை வெளிப்படுத்தினர். காற்றில் செல்லும் செய்தித் துணுக்குகளைப் போதிய அளவு திரட்டுவோர் மறைவான திறவுகோலையே கண்டுகொள்ளலாம் என்பது தெளிவாயிற்று. ஆகவே 2003-இல் டபிள்யூ.பி.ஏ. என்னும் முறையும், 2004-இல் அதனினும் வலிய டபிள்யூ.பி.ஏ.2 என்னும் முறையும் தோன்றின.

புதிய பூட்டு வந்த பின்னும் பழைய பூட்டையே நம்பியிருப்போர் உளர். அமெரிக்காவின் பெருவணிக நிறுவனமாகிய டி.ஜே.எக்ஸ். அவ்வாறு வெப் முறையை விட்டொழிக்கக் காலந்தாழ்த்தியது. 2005-இல் கயவர் சிலர் அதன் கடைகளிலிருந்த கம்பியில்லா வலை வழியே உட்புகுந்தனர். கதவு உடைபடவில்லை, ஓசை எழவில்லை. 2006-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் களவு புலப்பட்டது. அதற்குள் குறைந்தது 4 கோடியே 57 இலட்சம் பண அட்டைகளின் எண்கள் களவுபோயிருந்தன. பூட்டை மாற்றாதவர் வணிகர். அல்லற்பட்டவரோ அவரை நம்பிப் பொருள் வாங்கிய மக்கள்!

இனி, வீட்டுக் கருவியைச் செப்பஞ்செய்யும் வகையைக் காண்போம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறக்க ஒரு கடவுச்சொல் உண்டு. வலையில் சேர்வதற்கு வேறொன்று உண்டு. பலர் பின்னதை மாற்றி முன்னதை மறந்துவிடுகின்றனர். விற்பனைக்கு வந்தபடியே 'அட்மின்' என்றிருக்கும் சொல்லை உலகோர் யாவரும் அறிவர். ஆதலின் அதனையே முதற்கண் மாற்றுதல் வேண்டும்.

வலைக்குரிய கடவுச்சொல் 8 முதல் 63 எழுத்துகள் வரை அமையலாம். எட்டே போதுமென்று நிறைவடைதல் பேதைமை. யாங்ஙனமெனின், டபிள்யூ.பி.ஏ.2 முறையில் ஒரு கருவி வலையில் சேரும்போது நிகழும் தொடக்க உரையாடலைக் கள்வன் பிடித்துக்கொண்டு தன் இருப்பிடம் செல்வான். அங்கே தன் கணிப்பொறியைக் கொண்டு இலட்சக்கணக்கான சொற்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பொருத்திப் பார்ப்பான். இஃது ரூட்டருக்குத் தெரியவே தெரியாது. பெயரும் பிறந்த ஆண்டும் சேர்ந்த சொல் அம்முயற்சிக்கு நெடுநேரம் நில்லாது. தொடர்பற்ற நான்கைந்து சொற்களைக் கோத்த நீண்ட தொடரோ எளிதில் அகப்படாது. 2018-இல் வந்த டபிள்யூ.பி.ஏ.3 முறையில் இவ்வாறு எடுத்துச்சென்று ஆராய வழியில்லை. அது கருவியில் இருப்பின் அதனையே தேர்க, இல்லையேல் ஏ.இ.எஸ். மறையாக்கத்துடன் கூடிய டபிள்யூ.பி.ஏ.2 முறையைத் தேர்க.

எளிமைக்கென்று வைத்த வழியே கேடாவதும் உண்டு. டபிள்யூ.பி.எஸ். என்னும் வசதியில் எட்டு இலக்க எண் ஒன்று கடவுச்சொல்லுக்கு ஈடாக நிற்கும். இறுதி இலக்கம் சரிபார்க்கும் எண்ணாதலின் எஞ்சியவை ஏழு. அவற்றால் ஒரு கோடி எண்கள் அமையும். ஆனால் கருவியோ முதல் நான்கைத் தனியாகவும் அடுத்த மூன்றைத் தனியாகவும் சரிபார்த்து விடை கூறுகின்றது. ஆதலின் பத்தாயிரமும் ஆயிரமுமாகப் பதினோராயிரம் முயற்சிகளே மிகுதி! 2011-இல் இக்குறை வெளியாயிற்று. இவ்வசதியை நிறுத்திவைத்தலே நன்று.

வலையின் பெயரை மறைத்துவிட்டு அச்சமின்றி உறங்குவோரும் உளர். கருவிகள் வலையில் சேரும்போது அப்பெயரைத் தாமே வெளியிடுதலின், அம்மறைப்பால் பயன் சிறிதே.

2017-இல் மேத்தி வன்ஹோஃப் என்னும் பெல்ஜிய நாட்டு ஆய்வாளர் டபிள்யூ.பி.ஏ.2 முறையிலும் ஒரு குறை கண்டார். மென்பொருளைப் புதுப்பித்த கருவிகளில் அது நீங்கியது; புதுப்பியாதவற்றில் நீங்கவில்லை. விருந்தினருக்கும், சுவரில் மாட்டிய ஒளிப்படக் கருவி போன்றவற்றிற்கும் தனி வலை அமைக்கும் வசதி ரூட்டர்கள் பலவற்றில் உண்டு. அதனைப் பயன்படுத்தின், வீட்டாரின் கணிப்பொறி இருக்கும் வலைக்குரிய கடவுச்சொல்லை வந்தவர்க்கெல்லாம் உரைக்க வேண்டுவதில்லை.