ஸ்கிரிப்ட் ‘முடிந்தது’ என்கிறது, முட்டைக் கணக்கு இடிக்கிறது

கேள்வி: நாமக்கல்லில் ஒரு கோழிப்பண்ணை அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் என் பொறுப்பு. பிளஸ் டூ படிக்கும்போது அரசு கொடுத்த லேப்டாப்பில் பாஸ் லினக்ஸ் இருந்தது. அதில் பழகியதுதான் ஷெல். மோகனூர், எருமப்பட்டி, புதுச்சத்திரம், சேந்தமங்கலம் பக்கம் உள்ள எங்கள் பண்ணைகளின் அன்றாட முட்டைக் கணக்கை இரவில் ஆர்சிங்க் மூலம் இழுத்து, கூட்டி, ஒரே தாளாக்க ஒரு பாஷ் ஸ்கிரிப்ட் வைத்திருக்கிறேன். பண்ணைப் பட்டியலை பைப் வழியாக வைல் லூப்புக்கு அனுப்பி, பண்ணைக்கு ஒருமுறை ஒரு ஃபங்ஷனை இஃப் போட்டு அழைக்கிறேன். தோற்றால் ‘தவறு’ எண்ணிக்கை ஒன்று கூடும். தலையில் செட் மைனஸ் ஈ-யும் உண்டு. போன வாரம் புதுச்சத்திரத்தில் இன்டர்நெட் இல்லை. ஆனாலும் ‘முடிந்தது, தவறு 0’ என்றே வந்தது. புதுச்சத்திரத்துக்கு முந்தைய நாள் கணக்கே, ஒரு முட்டை பிசகாமல், மறுபடி ஏறியிருக்கிறது. எங்கே ஓட்டை?
வாசகர், நாமக்கல்

பதில்: ஆயிரக்கணக்கான கோழிகள் பேசி வைத்துக்கொண்டு இரண்டு நாளும் ஒரே எண்ணிக்கையில் முட்டை போடாது என்று சந்தேகப்பட்டீர்களே, அதுவே பாதி வேலை. பலர் அதைக்கூடக் கவனிப்பதில்லை.

முதல் குற்றவாளி, நீங்கள் காவலுக்கு வைத்த செட் மைனஸ் ஈ-தான். ஏதாவது ஒரு கட்டளை தோற்றால் ஸ்கிரிப்ட் அங்கேயே நிற்கும் என்பது அதன் வாக்குறுதி. ஆனால் ஒரு ஃபங்ஷனை இஃப், வைல் ஆகியவற்றின் நிபந்தனையிலோ, ‘&&’ அல்லது ‘||’ குறிக்கு இடப்பக்கத்திலோ, ‘!’ போட்டோ அழைத்தால், அந்த வரிக்கு மட்டுமின்றி ஃபங்ஷனின் உடம்பு முழுவதற்கும் அந்த வாக்குறுதி ரத்து. உள்ளே மறுபடி செட் மைனஸ் ஈ எழுதினாலும் பலிக்காது. இது பாஷின் பிழையும் அல்ல. போசிக்ஸ் விதியே இப்படித்தான்.

அன்றிரவு நடந்ததை வரி வரியாகப் பாருங்கள். ஆர்சிங்க் தோற்றது. இஃப் அழைத்த ஃபங்ஷன் என்பதால் யாரும் நிறுத்தவில்லை. அடுத்த வரியில் கூட்டல் போடும் ஆக் கட்டளை, ஃபோல்டரில் கிடந்த நேற்றைய ஃபைலைச் சமர்த்தாகக் கூட்டியது. கடைசி வரி ‘வந்தது’ என்று அச்சிடும் எக்கோவாக இருந்திருக்கும். ரிட்டர்ன் எழுதாத ஃபங்ஷனின் விடை, அதில் கடைசியாக ஓடிய கட்டளையின் விடைதான். எக்கோ தோற்பது அபூர்வம். ஆகவே 0, அதாவது வெற்றி.

ஃபங்ஷனுக்குள் தோற்கக்கூடிய ஒவ்வொரு வரியின் முடிவிலும் ‘|| ரிட்டர்ன்’ போடுங்கள், மருந்து அவ்வளவுதான். பக்கத்தில் எண் தராவிட்டால், தோற்ற கட்டளையின் எண்ணையே ரிட்டர்ன் கொண்டுபோய்க் கொடுக்கும். ஆர்சிங்கில் 23 என்றால் சில ஃபைல்கள் வரவில்லை, 30 என்றால் நேரம் கடந்துவிட்டது. காலையில் யாருக்குப் போன் போடுவது என்று அந்த எண்ணே சொல்லிவிடும். இதையே ‘இஃப் !’ என்று எழுதி, உள்ளே ‘$?’ மதிப்பை எடுக்கப் போனால் கையில் 0-தான் இருக்கும். ஆச்சரியக்குறி விடையைப் புரட்டிப் போட்டுவிடுகிறது. அதேபோல், ஃபங்ஷனுக்குள் லோக்கல் என்று அறிவிக்கும் வரியிலேயே ஒரு கட்டளையின் வெளியீட்டை வாங்காதீர்கள். கட்டளை தோற்றாலும் லோக்கல் தன் 0-வை நீட்டி அதை மறைத்துவிடும். அறிவிப்பு ஒரு வரி, வாங்குவது அடுத்த வரி.

இரண்டாவது ஓட்டை அந்த பைப். பைப்புக்கு வலப்பக்கம் நிற்கும் வைல் லூப், பாஷில் தனி சப்ஷெல்லாக ஓடுகிறது. அங்கே ‘தவறு’ எண்ணிக்கை எவ்வளவு ஏறினாலும் லூப் முடிந்ததும் சப்ஷெல்லோடு போய்விடும்; வெளியே பழைய 0 அப்படியே இருக்கும். உள்ளே எக்ஸிட் எழுதினாலும் அது மூடுவது சப்ஷெல்லை மட்டுமே. பட்டியலை ஒரு ஃபைலில் வைத்து, லூப்பின் டன் வரியில் ‘<’ போட்டு ஊட்டுங்கள். இன்னொன்று: எண்ணிக்கையை இரட்டை அடைப்புக்குறிக்குள் ‘++’ போட்டுக் கூட்டினால், 0-விலிருந்து 1-க்கு ஏறும் அந்த முதல் முறை விடை தோல்வி என்று வரும். வேண்டாத அந்த இடத்தில் செட் மைனஸ் ஈ கடமை தவறாமல் ஸ்கிரிப்டைக் கொன்றுவிடும்!

ஒரு பண்ணை தோற்றால் லூப்பை நிறுத்த வேண்டுமா? வேண்டாம் என்பேன். காலையில் முட்டை விலை கேட்டு வியாபாரி அழைக்கும்போது மற்ற பண்ணைகளின் கணக்காவது கையில் இருக்க வேண்டும். தோற்ற பண்ணையின் பெயரைக் குறித்துவிட்டு கன்டினியூ. பிரேக் போடுவது, டிஸ்க் நிறைந்துவிட்டது என்பது போன்ற பொதுச் சங்கடங்களுக்கு. லூப் முடிந்ததும் தோற்றவர்களின் பெயர்களை அச்சிட்டு, ஒருவர் இருந்தாலும் எக்ஸிட் 1. தாளில் அந்தப் பண்ணைக்கு நேரே ‘வரவில்லை’ என்று இருக்கட்டும். 0 என்று எழுதினால் அது வேறு பொய். இரவில் ஸ்கிரிப்டை ஓட்டும் கிரான் எக்ஸிட் எண்ணைப் பார்ப்பதில்லை, ஏதாவது அச்சானால் மெயில் அனுப்பப் பார்க்கும், அவ்வளவே. அதனால் பெயர்களை அச்சிடுவது முக்கியம்.

மூன்றாவது, நேற்றைய ஃபைல். அதை முதலில் அழித்துவிடலாம் என்று தோன்றும். ஆர்எம் கட்டளைக்கு வேரியபிளில் ஃபோல்டர் பெயர் கொடுக்கும்போது கை நடுங்க வேண்டும். 2015 ஜனவரியில் லினக்ஸுக்கான ஸ்டீம் விளையாட்டு மென்பொருளின் ஸ்கிரிப்டில் ஃபோல்டர் வேரியபிள் காலியாகிப்போய், ரூட்டிலிருந்தே அழிக்கத் தொடங்கி, பயனரின் சொந்த ஃபைல்களும் போன கதை வெளிவந்தது. ஒரு வரி, ஒரு காலி வேரியபிள், நடுவில் தடுக்க யாருமில்லை. பெயருக்குப் பின்னால் ‘:?’ சேர்த்தால், காலியாக இருக்கும்போது ஷெல் அங்கேயே நின்றுவிடும். என்னைக் கேட்டால் அழிக்கவே வேண்டாம். ஃபைல் பெயரில் தேதியைச் சேருங்கள். இன்றைய ஃபைல் வராவிட்டால் கூட்டுவதற்கு எதுவுமே இருக்காது.

கடைசியாக, கிரான் வரியில் ஸ்கிரிப்டை ‘பாஷ்’ என்று அழைக்கிறீர்களா, ‘எஸ்ஹெச்’ என்றா? பாஸ் லினக்ஸுக்கு மூலமான டெபியனில் 2011 முதல் எஸ்ஹெச் என்றால் டேஷ் என்ற வேறு ஷெல். எஸ்ஹெச் என்று அழைத்தால் ஸ்கிரிப்டின் முதல் வரியில் பாஷ் என்று எழுதியிருப்பதை அது மதிக்காது. பாஷுக்கே உரிய சங்கதிகள் உதைக்கும்.

கேள்வி: சங்ககிரியில் லாரி ஆபீஸ். கிளைகளின் கம்ப்யூட்டர் பெயர்களை ஃபைலிலிருந்து வைல் லூப்பில் படித்து, ஒவ்வொன்றிலும் எஸ்எஸ்ஹெச் மூலம் ஒரு கட்டளை ஓட்டுகிறேன். முதல் கிளையோடு லூப் முடிந்துவிடுகிறது. பிழைச் செய்தியும் இல்லை, எண்ணும் 0.
வாசகர், சங்ககிரி

பதில்: பிழையே நடக்கவில்லை, அதனால் செய்தியும் இல்லை. லூப் படிக்கும் அதே உள்ளீட்டை எஸ்எஸ்ஹெச்சும் படிக்கிறது. பட்டியலில் மீதியிருந்த பெயர்களை எல்லாம் அது விழுங்கிவிட்டது. எஸ்எஸ்ஹெச்சுக்கு மைனஸ் என் கொடுங்கள். எஃப்எஃப்எம்பெக் போன்ற வேறு சிலவும் இதே வேலையைச் செய்யும். அவற்றுக்கெல்லாம் தனித்தனியாகக் கடிவாளம் போடுவதைவிட, பட்டியலை லூப்புக்கு வழக்கமான 0-ஆம் உள்ளீட்டு எண்ணுக்குப் பதில் 3-ஆம் எண் வழியாக ஊட்டி, ரீடுக்கு ‘மைனஸ் யூ 3’ என்று சொல்லிவிடுங்கள். அப்போது 0-ஆம் எண்ணை யார் விழுங்கினாலும் பட்டியல் தப்பிக்கும்.