வீதி யாருடையது? – ஒரு பாடம்

அட்டாளைச்சேனை ஊடாகச் செல்லும் ஏ4 நெடுஞ்சாலைக்குக் கிழக்கே கடல், மேற்கே வயல். 2004 கடற்கோளில் இடம்பெயர்ந்த நம் குடும்பங்கள் பல இதைத் தாண்டியே தொழிலுக்குப் போகின்றன.

வீதியில் பாதுகாப்புக் கேட்குமுன், அது யாருடையதென அறிவோம். ‘ஏ’, ‘பி’ தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. ஊர் ஒழுங்கைகள் பிரதேச சபைக்கு. இதை விசாரியாமல் நாம் ஒருமுறை பிழையான கந்தோருக்கு மனுக் கொடுத்து ஓராண்டை வீணாக்கினோம்.

அடுத்தது எண்ணுதல். "விபத்து அதிகம்" என்று மட்டும் எழுதினால் எவரும் அசையார். அறுவடைக் காலத்தில் ஒரு கிழமை, பாடசாலை தொடங்கும் வேளையிலும் மாலை மங்கும் வேளையிலும் கொப்பியுடன் சந்தியில் இருங்கள். கடக்கும் பிள்ளைகள், கட்டாக்காலி மாடுகள், பின்விளக்கில்லாத உழவு இயந்திரப் பெட்டிகள், தாரில் காயும் நெல்லுக்காக விலகும் வாகனங்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். (நெல் காயப்போடுவது நாமேதான், மறைக்கவேண்டாம்.)

பின்பு செலவு. கடவைக் கோடு சிறு செலவு, மதகு அகலிப்பது பெருஞ்செலவு. ஒரே மனுவில் கலந்தால் பெரியதோடு சிறியதும் கிடப்பில் போய்விடும். பிரதேச சபையின் அடுத்த ஆண்டு வரவு செலவுத் திட்டம் ஆண்டிறுதிக்குள் தயாராவதால், ஒழுங்கை விளக்குக்கான கோரிக்கை ஓகஸ்டிலேயே போகட்டும். பிரதியில் முத்திரையும் திகதியும் வாங்குங்கள்.

பெட்டிகளின் பின்னால் சிவப்பு ஒளித்தகடு ஒட்ட எவருடைய நிதியும் வேண்டாம். இருட்டில் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளைக்கு அதுதான் உயிர். இந்த அறுவடைக்கு முன்பே சங்கத்தில் பேசி ஒட்டிவிடலாம்.