அடுத்தது எப்போது?

எழுத்தாளர் பிறக்கிறார் என்பர் சிலர். பயிற்சியால் உருவாகிறார் என்பர் வேறு சிலர். இந்த வழக்கைத் தீர்த்துவைப்பது என் நோக்கம் அன்று. பிறவியிலேயே ஆற்றல் உடையவரும் முதல் கதையோடு நின்றுவிடக்கூடும். அவரை நிற்கவிடாமல் நடக்கச் செய்வது எது? இதனை மட்டுமே ஆராய விரும்புகிறேன். ஆராயும் கடமை எனக்கு உண்டு. காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு நம் மன்றத்தின் மாதக் கூட்டம் ஒன்றில், முதலாண்டு மாணவர் ஒருவர் தாம் எழுதிய கதையைப் படித்தார். ஊரைவிட்டு இரயில் ஏறும் பேரனுக்குப் பாட்டி கட்டுச்சோறு கட்டித் தரும் கதை. படித்து முடித்ததும் நான் அந்தத் தாளை வாங்கிப் பார்த்தேன். ஒற்றுப்பிழைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணினேன், 11 இருந்தன. கூட்டம் சிரித்தது. எனக்கும் அது பெருமையாகவே இருந்தது. தம்பி தாளைத் திரும்ப வாங்கி, நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இன்றும் அவர் கூட்டங்களுக்கு வருகிறார். நாற்காலிகளை எடுத்துப்போட உதவுகிறார். எழுதுவதில்லை.

தமிழ்நாட்டிலே இப்படி ஒன்று நேர்ந்தால், மனம் நொந்த இளைஞர் வேறொரு மன்றத்தை நாடலாம். இந்தப் பல்கலைக்கழகத்தில் தமிழில் எழுதியதைப் படித்துக்காட்ட நம் மன்றத்தை விட்டால் வேறு இடம் எது? ஆகவே நாம் மூடும் கதவு பெரும்பாலும் கடைசிக் கதவு. இதை எண்ணித்தான் நம் இலக்கிய வரலாற்றைப் புரட்டிப் பார்த்தேன்.

1933இல் ‘மணிக்கொடி’ தோன்றியது. 1935 முதல் பி. எஸ். ராமையாவின் பொறுப்பில் அது சிறுகதைப் பத்திரிகையாக நடந்தது. கும்பகோணத்து எம். வி. வெங்கட்ராமின் முதல் கதையை வெளியிட்டது அந்தப் பத்திரிகையே. அப்போது அவருக்கு வயது 16. அதே ஊரில், கண்நோயாலும் வறுமையாலும் துன்புற்ற கு. ப. ராஜகோபாலன் தம் கடைசி ஆண்டுகளைக் கழித்தார். அவரைச் சூழ்ந்து இளைஞர் சிலர் கூடினர்: தி. ஜானகிராமன், கரிச்சான் குஞ்சு, வெங்கட்ராம். கு. ப. ரா. 1944இல் மறைந்தார். ஆனால் அந்தச் சிறு கூட்டத்திலிருந்து இருவர் பின்னாளில் சாகித்திய அக்காதெமி பரிசு பெற்றனர். ஜானகிராமன் 1979இல், வெங்கட்ராம் 1993இல். அக்கூட்டத்திற்கு மாளிகை இல்லை; நிதி இல்லை. மதித்துப் பேச ஒரு மூத்தவர் இருந்தார், அவ்வளவே.

மணிக்கொடியில் எழுதி வளர்ந்தவர்களுள் ஒருவர் சி. சு. செல்லப்பா. தமக்குக் கிடைத்த இடத்தை அவர் பிறருக்கும் தர விரும்பினார். 1959 ஜனவரியில் ‘எழுத்து’ என்ற பத்திரிகையைத் தொடங்கி, கைப்பொருளை இழந்தும் 1970 வரை நடத்தினார். திரிகோணமலையிலிருந்து 20 வயது இளைஞர் தருமு சிவராமு அதில் கவிதை எழுதினார். பிற்காலத்தில் பிரமிள் என்று நாம் அறிந்தவர் அவரே. 1962இல் ‘புதுக்குரல்கள்’ என்ற தொகுப்பில் 24 கவிஞர்களின் 63 கவிதைகளைச் செல்லப்பா வெளியிட்டார்.

வெளிமாநிலத்தில் வாழும் நமக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஒரிசாவின் ஹிராகுட் அணைக்கட்டிலும் பின்னர் டில்லியிலும் வேலை பார்த்த வெங்கட் சாமிநாதன், விமரிசகராக எழுதத் தொடங்கியது ‘எழுத்து’வில்தான். 1965இல் ‘கணையாழி’ தொடங்கியதும் டில்லியிலேதான். தமிழ் எழுத்து வளர்வதற்குக் காவிரிக்கரை வேண்டும் என்பதில்லை. கேட்கும் செவி வேண்டும்.

இவர்கள் இளைஞருக்குத் தந்தது வெறும் பாராட்டா? அன்று. ‘எழுத்து’ விமரிசனத்தைத் தலையாய பணியாகக் கொண்ட பத்திரிகை. குறை கூறுவதற்கு அது அஞ்சியதில்லை. ஆனால் குறை கூறிய இதழுக்குப் பின் அடுத்த இதழ் ஒன்று இருந்தது. குறைபட்டவர் மீண்டும் எழுத அதில் இடம் இருந்தது. நான் செய்த தவறு எங்கே என்பது இப்போது விளங்குகிறது. பிழையைச் சொன்னது தவறு அன்று. பிழையோடு பேச்சை முடித்ததே தவறு.

வேதியியல் கூடத்தில் இதை நாள்தோறும் காண்கிறோம். பியூரெட்டைக் கையாளும் புதிய மாணவரின் முதல் அளவு பெரும்பாலும் பிசகும். அதைக் கண்டு ஆசிரியர் சிரிப்பதில்லை. குறிப்பேட்டை வாங்கிப் பார்க்கிறார். நிறம் மாறும் தருணத்தில் கை எப்படி இருந்தது என்று கேட்கிறார். மறுபடி செய்யச் சொல்கிறார். ஒன்றோடொன்று ஒத்த அளவுகள் கிடைக்கும்வரை சோதனை முடிவதில்லை. உப்புக்கும் அமிலத்துக்கும் காட்டும் பொறுமையை மனிதருக்குக் காட்டலாகாதா?

ஆகவே நம் மன்றத்திற்கு நான்கு வழக்கங்களை முன்வைக்கிறேன்.

முதலாவது: ஒருவர் படித்து முடித்ததும், மனத்தில் நின்ற ஓர் இடத்தைக் கேட்டவர் சொல்லவேண்டும். “நன்றாக இருந்தது” என்பது போதாது. எந்த வரி, எந்தக் காட்சி என்று சொல்லவேண்டும். தன் எழுத்தில் உயிர் உள்ள இடம் எது என்பது புதியவருக்குத் தெரியாது, கேட்டவர்தாம் காட்டமுடியும்.

இரண்டாவது: எழுத்துப்பிழையைக் கூட்டத்தில் எண்ணவேண்டாம். பென்சிலால் குறித்துத் தனியே கொடுப்போம். ஒற்றுப்பிழை ஒரு மாலையில் திருந்தும். அவமானம் திருந்த நெடுநாள் ஆகும்.

மூன்றாவது: கதையின் குறையைத் தீர்ப்பாகக் கூறாமல் கேள்வியாகக் கேட்போம். “பாட்டி அழாதது ஏன்?” என்று கேட்டால் எழுதியவர் மறுபடி தம் கதைக்குள் போவார். “முடிவு சரியில்லை” என்றால் வெளியே போவார்.

நான்காவது, இதுவே தலையாயது: எவரையும் “அடுத்தது எப்போது?” என்று கேளாமல் அனுப்பக்கூடாது. நாளைக் குறித்துக்கொள்வோம். திருத்தியதைக் கையெழுத்துப் பத்திரிகையாகத் தைத்து விடுதியில் சுற்றுக்கு விடுவோம். 20 பேர் படித்தாலும் போதும்.

இக்கட்டுரையை எழுதும் முன் அந்தத் தம்பியின் அறைக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டுவிட்டு, கதைத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன்.

“இருக்கிறது அண்ணா. ஆனால் உங்களிடம் தரமாட்டேன்” என்றார்.

அது நியாயமே. ஒன்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கட்டுச்சோற்று மூட்டைக்கு மூன்றாம் முடிச்சுப் போட்ட பாட்டி, அதையே அவிழ்த்து மறுபடி போட்டாளே, அந்த இடம் ஓராண்டாக என் மனத்தை விட்டு அகலவில்லை என்று. அன்று கூட்டத்தில் முதலில் சொல்லியிருக்கவேண்டியது அதுதான்.

வரும் மாதக் கூட்டத்தில் நானே ஒரு கதை படிக்கப் போகிறேன். கதை எழுதிப் பழக்கம் இல்லாதவன். பிழைகள் 11க்கும் மேலாகவே இருக்கும். தம்பிக்கு முன்வரிசையில் ஓர் இடம் வைத்திருப்பேன். பென்சிலும் நானே கொண்டுவருகிறேன்.