பறவை பார்க்கும் வீடுகளுக்குப் பங்குனிக் குறிப்புகள்

பங்குனி பிறந்தால் போதும், குளிருக்கு நம் மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பக்கம் வந்து தங்கிய பறவைகள் வடக்கே திரும்பத் தொடங்கிவிடும். அவை கிளம்புவதற்குள் கண்ணாரப் பார்த்து, குறித்துவைத்து, நாலு பேருக்குச் சொல்லச் செலவில்லாத சில வழிகள்:

1. வந்த நாளை எல்லோரும் குறித்துவைப்போம். போன நாள்தான் விட்டுப்போகும். இதுதான் கடைசி முறை என்று அன்றைக்கு எப்படித் தெரியும்? அதனால் சமையலறை மாதக் காலண்டரில், பார்த்த நாளிலெல்லாம் ஒரு புள்ளி வையுங்கள்: மாங்குயிலுக்கு ஒரு நிறம், ஆறுமணிக்குருவிக்கு ஒரு நிறம். இரண்டு வாரம் புதுப் புள்ளி விழவில்லை என்றால், கடைசிப் புள்ளிதான் அது கிளம்பிய தேதி. 2007இல் தொடங்கிய மைக்ரண்ட்வாட்ச் திட்டம் நாடெங்கும் இத்தகைய தேதிகளைத்தான் திரட்டியது. இப்போது இ-பேர்ட் செயலியில் பதிந்தால் போதும்.

2. தினசரிக் காலண்டரில் கிழிக்கும் தாளைத் தூக்கிப் போடாதீர்கள். பின்பக்கம் காலியாக இருந்தால் அதுவே நோட்டுப் புத்தகம். தேதி, கிழமை, திதி எல்லாம் முன்பக்கமே இருக்கிறது. நீங்கள் நேரம், இடம், எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும்.

3. அடையாறு முகத்துவாரம் போகிறவர்களுக்கும் அந்தத் தாள் உதவும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏற்றவற்றம் அதிகம். நீர் வற்றிச் சேறு தெரியும்போதுதான் உள்ளான்கள் இறங்கி இரை தேடும். ஆற்று வாயை மணல் மூடியிருந்தால் இந்தக் கணக்கு பலிக்காது, உடைந்த பாலம் பக்கம் நடக்கப் போகிறவர்களிடம் முதலில் கேட்டுவிடுங்கள்.

4. மொட்டை மாடியில் வடாம் பிழியும் காலை நேரம் வீணில்லை. ஒரு கண்ணை வானத்தில் வையுங்கள். தகைவிலான்களும் நீலவால் பஞ்சுருட்டான்களும் கூட்டமாகக் கடக்கும். காக்காயையும் விரட்டியாகும், பதினைந்து நிமிடப் பட்டியலும் தயார்.

5. சூறைக்குருவிக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ண முடியாது. முதலில் பத்தை எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று மனதில் அளந்துகொண்டு, மொத்தக் கூட்டம் எத்தனை பத்து என்று பாருங்கள். கல்யாணமுருங்கை, இலவம் பூத்திருக்கும் தெருவில் தேடினால் அலைச்சல் மிச்சம். மத்திய ஆசியாவுக்குக் கிளம்பும் முன் ரோஜா நிறம் பளிச்சென்று ஏறியிருக்கும், அந்த அழகைத் தவறவிடாதீர்கள்.

6. மாமரத்தடிச் சருகைத் தினமும் பெருக்க வேண்டாம், ஒரு மூலையில் விட்டுவிடுங்கள். ஆறுமணிக்குருவியும் கொடிக்கால் வாலாட்டியும் சருகைக் கிளறித்தான் பூச்சி பிடிக்கும். நீண்ட பயணத்துக்கு முன் அவை வயிறு நிறையச் சாப்பிட வேண்டும். உங்களுக்கும் பெருக்கும் வேலை குறையும்.

7. உடைந்த மண்பானையின் அடிப்பாகம் அருமையான தண்ணீர்த் தட்டு. இரண்டு அங்குல ஆழம் போதும், நடுவில் ஒரு கல் வைத்தால் சின்னக் குருவியும் பயமின்றி இறங்கும். தண்ணீரைத் தினமும் செடிக்கு ஊற்றிவிட்டு மாற்றுங்கள், கொசு வராது.

8. பால்கனிக் கண்ணாடியில் பறவை மோதுகிறதா? வெளிப்பக்கம் சோப்பைக் குழைத்து நான்கு விரல் இடைவெளிக்குள் கோடுகள் இழுத்துவிடுங்கள். சீசன் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தால் போயிற்று.

9. மோதி மயங்கிய பறவையைக் காற்றோட்டமான அட்டைப் பெட்டியில் வைத்து மூடி, அமைதியான இடத்தில் விடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழலுக்குள் போய்விடும். ஓரிரு மணி நேரத்தில் தெளியாவிட்டால் வேளச்சேரி புளூ கிராஸுக்குச் சொல்லுங்கள்.

10. உருவம் தெரியாமல் குரல் மட்டும் கேட்டால் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். ஆறுமணிக்குருவி இரண்டு சுரத்தில் விசிலடிப்பதைக் கேட்டே சொல்லிவிடலாம். ஆனால் பதிவை அதனிடமே போட்டுக் காட்டி வரவழைக்காதீர்கள். பயணத்துக்குச் சேர்த்த தெம்பு அதில் கரையும்.

11. வாட்ஸ்அப்பில் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பினால் தெளிவு குறையாது. கதிர்க்குருவிகளைப் பிரித்தறியச் சிறகு நுனியும் புருவக்கோடும் தெரிய வேண்டுமே. பெயர் உறுதியில்லையா, 'கதிர்க்குருவி' என்று மட்டும் எழுதினாலே நல்ல பதிவுதான்.

12. கூடு, ஆந்தை தங்கும் மரம் இவற்றின் இடத்தைப் பொதுவில் சொல்லவே வேண்டாம். 'அடையாறு' என்றால் போதும்.

13. சென்னை ஈரக்காற்றில் பைனாகுலர் லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். புதுச் செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்து, காற்றுப் புகாத டப்பாவில் பைனாகுலரோடு போட்டு மூடுங்கள்.

14. ஊசிவால் வாத்து, நீலச்சிறகி பார்க்க ஞாயிறு விடியலில் பள்ளிக்கரணை போங்கள், ஒரு ஆட்டோவில் மூன்று பேராக. 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த சதுப்புநிலம் நமக்கு இவ்வளவு பக்கத்தில் இருப்பது பெரிய பாக்கியம். வெயில் முதுகுப் பக்கம் இருக்க நின்றால் நிறம் தெரியும்.

15. மே மாத இரண்டாவது சனிக்கிழமை உலகெங்கும் பறவை எண்ணும் நாள். நாகேஸ்வரராவ் பூங்காவோ நடேசன் பூங்காவோ, பக்கத்தில் இருப்பதில் ஒரு சுற்று நடந்து, காக்காய், மைனா, கிளி எல்லாவற்றையும் எழுதி அனுப்புங்கள். வலசைப் பறவை ஒன்றுகூடக் கண்ணில் படாவிட்டாலும் அந்தப் பட்டியலைப் பதிந்துவிடுங்கள், அவை போய்விட்டன என்பதற்கு அதுதான் சாட்சி.