லப்ரூஜா ஏற்றம்: போர்ச்சுகல் யாத்திரைப் பாதையில் ஒரு நாள்

போர்ட்டோ நகரிலிருந்து உள்நாட்டு வழியாக ஸ்பெயினின் சாந்தியாகோ தெ கொம்போஸ்தெலா பேராலயம் வரை சுமார் 240 கிலோமீட்டர். போர்ச்சுகல் பகுதியில் கால்களை அதிகம் சோதிப்பது போன்ட்டெ தெ லிமாவிலிருந்து ருபியாயிஷ் வரையிலான ஒரு நாள் நடை. தூரம் என்னவோ 18 கிலோமீட்டர்தான். ஆனால் ஆற்றங்கரையில் கிளம்பி, சுமார் 400 மீட்டர் உயரத்திலுள்ள கணவாயைத் தாண்ட வேண்டும். ஏற்றத்தில் பெரும்பகுதி பாதி வழிக்கு மேல்தான் வருகிறது. அன்றைய திட்டம் முழுவதையும் அந்த ஏற்றத்தை வைத்தே போடுங்கள்.

முதல் நாள் மாலையே பையை எடை போட்டுப் பாருங்கள். உடல் எடையில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டினால் எதையாவது எடுத்துவிடுங்கள். பையை மட்டும் அடுத்த விடுதிக்கு வண்டியில் அனுப்பும் சேவையும் உண்டு. முதுகு வலிக்காரர்கள் தயங்காமல் பயன்படுத்தலாம், புண்ணியம் ஒன்றும் குறையாது. ரொட்டி, பாலாடைக்கட்டி, பழம் ஆகியவற்றை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். மலையில் கடையை நம்ப வேண்டாம்.

காலை ஏழு மணிக்குள் கிளம்புங்கள். லிமா ஆற்றின் பழைய கல் பாலத்தைக் கடக்கும்போது ஒரு நிமிடம் நிற்கலாம். இது எல்லாவற்றையும் மறக்கடிக்கும் ஆறு என்று ரோமானிய வீரர்கள் இறங்க அஞ்சினார்களாம். தளபதி முதலில் கடந்து, அக்கரையிலிருந்து ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைத்தாராம். கதைதான்.

பாலத்துக்கு அப்பால் மஞ்சள் அம்புக்குறிகளைப் பின்பற்றுங்கள். சுவரிலும் மரத்திலும் மின்கம்பத்திலும் அவை இருக்கும். எதிர்த்திசையில் காட்டும் நீல அம்புகள் ஃபாத்திமா திருத்தலத்துக்குப் போகிறவர்களுக்கானவை. வெகுநேரம் மஞ்சள் அம்பு தென்படவில்லையா? யோசித்துக்கொண்டே நடக்காமல், கடைசியாகப் பார்த்த அம்புவரை திரும்பி வாருங்கள்.

திராட்சைப் பந்தல்களும் சோளக்கொல்லைகளுமாக முதல் பாதி சுலபம். லப்ரூஜா ஊரருகே நிறுத்தி, காலணியைக் கழற்றி, காலுறையை மாற்றுங்கள். ஈரக் காலுறைதான் கொப்புளத்தின் தாய். தண்ணீரைக் குறைந்தது ஒன்றரை லிட்டராக்கிக்கொள்ளுங்கள். வழியோரக் குழாயில் "குடிக்க உகந்ததல்ல" என்ற பலகை இருந்தால் முகம் கழுவுவதோடு சரி.

இனி பைன், யூகலிப்டஸ் மரங்களுக்கிடையே கரடுமுரடான பாறைப்பாதை. அடியைச் சிறிதாக வையுங்கள். பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். வழியில் ஒரு கற்சிலுவை வரும். 1809இல் நெப்போலியனின் படை இப்பக்கம் வந்தபோது, பின்தங்கிய வீரர்களை ஊர்க்காரர்கள் இங்கே மறைந்திருந்து தாக்கினார்கள் என்பார்கள். யாத்ரீகர்கள் அதன் காலடியில் கற்களையும் படங்களையும் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

ஏறுவதைவிட இறங்குவதில் கவனம் அதிகம் தேவை. மழை பெய்திருந்தால் கருங்கல் வழுக்கும். ஊன்றுகோல் வைத்திருப்பவர்கள் அதைச் சற்று நீட்டிக்கொள்ளுங்கள், முழங்கால் பிழைக்கும். அவசரத்துக்கு 112.

ருபியாயிஷில் யாத்ரீகர் விடுதிகள் சில உண்டு. கோடையில் சீக்கிரம் நிரம்பிவிடும் என்பதால் தனியார் விடுதியில் முன்பதிவு செய்துவிடுவது நல்லது. யாத்ரீகர் அட்டையில் முத்திரை வாங்க மறக்காதீர்கள். சைவம் உண்பவர்கள் "செங் கார்னெ, செங் பெயிஷெ" என்று சொல்லிப் பழகுங்கள்: இறைச்சி வேண்டாம், மீன் வேண்டாம். கீரை சூப்பில்கூடத் தொத்திறைச்சித் துண்டு மிதக்கும்.

மறுநாள் வலென்சாவில் மின்யோ ஆற்றைக் கடந்தால் ஸ்பெயின். கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வையுங்கள்.