தூக்கத்தில் கை வைக்காதே

அன்புள்ள தம்பிக்கு,

யோகாவுக்கு எந்த நேரம் சரி என்று கேட்டிருந்தாய். ஹாஸ்டலில் இரவு 12.30-க்குப் படுக்கிறாய், 4.45-க்கு அலாரம் வைத்து எழுந்து 5 மணி வகுப்புக்கு ஓடுகிறாய். பத்து மணிக்குக் கல்லூரியில் கண் சொக்குகிறது. ஆனாலும் அதிகாலையில் செய்தால்தான் பலன் என்று ஆசிரியர் சொல்வதால் விட மனமில்லை என்கிறாய். கேள்வியை நீ வைத்த வரிசையில் எடுத்துக்கொண்டால் விடை கிடைக்காது என்பது என் எண்ணம். முதலில் தூக்கத்துக்கு இடம் ஒதுக்கு. அதன்பிறகு மிஞ்சும் நேரத்தில் யோகாவுக்கு இடம் தேடு. தூக்கத்தை வெட்டிக் கொடுக்கும் எந்த நேரமும் யோகாவுக்கு உகந்த நேரமாகாது. ஏன் இவ்வளவு அடித்துச் சொல்கிறேன் என்று எழுதுகிறேன். ஏற்பதும் மறுப்பதும் உன் பாடு.

உடம்புக்கென்று ஒரு கடிகாரம் உண்டு. 1729-இல் தெ மெரான் என்ற பிரெஞ்சு அறிஞர் தொட்டாச்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் அடைத்துவைத்துப் பார்த்தார். வெளிச்சமே படாதபோதும் அதன் இலைகள் பகலில் விரிந்தன, இரவில் மடிந்தன. அந்தக் கடிகாரத்தை ஓட்டும் மரபணுக்களைப் பழ ஈக்களில் கண்டுபிடித்ததற்காகத்தான் ஹால், ராஸ்பாஷ், யங் என்ற மூன்று அமெரிக்கர்களுக்கு 2017-இல் நோபல் பரிசு கிடைத்தது. மனித மூளையின் அடிப்பகுதியில் சுமார் 20,000 நரம்பணுக்கள் சேர்ந்து இந்த வேலையைச் செய்கின்றன. அவற்றின் ஒரு சுற்று சராசரியாக 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல். அதனால் தினமும் அதைத் திருத்தி வைக்கவேண்டியிருக்கிறது. திருத்துவது பெரும்பாலும் வெளிச்சம். காலை வெயில் கடிகாரத்தை முன்னால் தள்ளும், இரவு விளக்கு பின்னால் இழுக்கும். நாம் வழக்கமாகத் தூங்கும் நேரத்துக்குச் சுமார் இரண்டு மணி நேரம் முன்பே மெலடோனின் என்ற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்கிவிடுகிறது. உடலின் உள்வெப்பம் மாலையில் உச்சத்தில் இருக்கும். இயல்பாக விழிப்பு வருவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் முன்பு அடிமட்டத்துக்குப் போகும்.

இந்தக் கடிகாரம் எல்லா வயதிலும் ஒரே மாதிரி ஓடுவதில்லை. பருவ வயதில் அது பின்னுக்குப் போகிறது, இருபது வயதை ஒட்டி மிகவும் தாமதமாக ஓடுகிறது, பிறகு மெல்ல முன்னுக்கு வருகிறது. ஜெர்மானிய ஆய்வாளர் ரோனபெர்க் 2004-இல் பெருந்தொகையான மக்களின் தூக்கநேரத்தைத் தொகுத்து இதைக் காட்டினார். உன் தாத்தா நாலரைக்குத் தானாக எழுவதும், உனக்கு அந்த நேரத்தில் இமை பிரியாததும் ஒழுக்கத்தின் ஏற்றத்தாழ்வு என்று வீட்டில் சொல்வார்கள். பெரும்பகுதி வயதின் வேலை. நீ பாய் விரிக்கும் ஐந்து மணிக்கு உன் உடம்பில் நடு இரவு நடந்துகொண்டிருக்கிறது. கனவுத் தூக்கம் எனப்படும் கட்டம் இரவின் கடைசிப் பகுதியில்தான் அதிகம் வரும். நாலேகால் மணி நேரத்தில் எழுந்துவிடுகிறவன் எல்லாக் கட்டங்களிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழப்பதில்லை, அந்தக் கட்டத்தைத்தான் பெரிதும் இழக்கிறான். வயது வந்தோருக்குக் குறைந்தது 7 மணி நேரம், 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவ அமைப்பின் பரிந்துரை. உன் கணக்கு அதற்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

வகுப்பில் எழுந்த சூட்டோடு, உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனம் செய்யச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தாயே, அதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார். முதுகெலும்புகளுக்கு இடையில் இருக்கும் வட்டுகள் படுத்திருக்கும்போது நீரை உறிஞ்சி உப்பும். காலையில் உன்னை அளந்தால் இரவைவிட ஒன்று, ஒன்றரை சென்டிமீட்டர் உயரமாக இருப்பாய். நின்று நடமாடினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே அந்த வளர்த்தியில் பாதி கரைந்துவிடும். உப்பிய வட்டு வளைய மறுக்கும். ஆடம்ஸ், டோலன், ஹட்டன் ஆகியோர் 1987-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்னால் குனியும்போது வட்டின்மீது வரும் வளைவு அழுத்தம் மற்ற வேளைகளைவிட அதிகாலையில் சுமார் 300 சதவீதமும், தசைநார்களின்மீது 80 சதவீதமும் கூடுகிறது. நாள்பட்ட முதுகுவலிக்காரர்களை எழுந்தவுடன் குனியாமல் இருக்கப் பழக்கியபோது வலி குறைந்ததாக 1998-இல் ஸ்னூக் குழுவினர் எழுதினார்கள். இதைவைத்துக் காலையில் ஆசனமே கூடாது என்று நான் சொல்லமாட்டேன். எழுந்து, பல் துலக்கி, அரை மணி நேரமாவது நடமாடி, தாடாசனம் போன்று நின்று செய்பவற்றில் தொடங்கி, குனியும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளு என்கிறேன். மாலை ஐந்து, ஆறு மணிக்கு உடம்பு சூடாகவும் தசைகள் இளகியும் இருக்கும். காலையில் கணுக்காலோடு நின்றுவிடும் விரல்கள் மாலையில் பாதத்தைத் தொடுவதற்குக் காரணம் அதுதான்.

‘பிரம்ம முகூர்த்தத்தை விட்டுவிடச் சொல்கிறீர்களா?’ என்று கேட்பாய். சூரிய உதயத்துக்கு 96 நிமிடம் முன்பு தொடங்கி 48 நிமிடம் நீடிப்பது பிரம்ம முகூர்த்தம். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.40-ஐ ஒட்டியும், ஜனவரி இறுதியில் 6.35-ஐ ஒட்டியும் சூரியன் உதிக்கிறது. ஆக, அந்த முகூர்த்தம் ஆண்டுக்குள் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகர்கிறது. உன் அலாரமோ 4.45-இலேயே நிற்கிறது. அதைவிட முக்கியம், அந்த வழக்கம் உருவான காலத்தில் விளக்கெண்ணெய் தீரும் முன்பே ஊர் அடங்கிவிடும். எட்டரைக்குப் படுத்தவர் நாலரைக்கு எழுந்தால் எட்டு மணி நேரம் தூங்கியிருப்பார். வழக்கத்தின் பின்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டு முன்பாதியைக் கைவிடுவது பெரியவர்களைப் பின்பற்றுவதாகாது. நூல்களும் ஒரே நேரத்தைப் பிடித்துத் தொங்கவில்லை. ஹடயோக பிரதீபிகை மூச்சை அடக்கும் கும்பகத்துக்குக் காலை, நண்பகல், மாலை, நள்ளிரவு என நான்கு வேளை சொல்கிறது. திருமூலர் அந்தியில் செய்தால் கபமும், மத்தியானத்தில் செய்தால் வாதமும், காலையில் செய்தால் பித்தமும் நீங்கும் என்கிறார். மூன்று வேளைக்கும் தனித்தனிப் பலன், எதற்கும் தடையில்லை. மிகையாக உறங்குகிறவனுக்கும் உறங்காமலே விழித்திருப்பவனுக்கும் யோகம் கைகூடாது என்பது கீதையின் ஆறாம் அத்தியாயத்துக் கருத்து. உன் ஆசிரியர் இதன் முதல் பாதியை மட்டும் வகுப்பில் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

காலைக்கென்று சில நன்மைகள் உண்டு, அவற்றை மறைக்கக்கூடாது. வயிறு காலி, வெயில் ஏறவில்லை, யாரும் போன் செய்யமாட்டார்கள், அதனால் பழக்கம் தடைப்படாமல் நிற்கும். பெரிய நன்மை வெளிச்சம். மேகமூட்டமான நாளில்கூட வெட்டவெளியில் பல ஆயிரம் லக்ஸ் வெளிச்சம் இருக்கும். டியூப்லைட் போட்ட அறையில் சில நூறுதான். ஆனால் உன் ஐந்து மணி வகுப்பு மூடிய கூடத்தில், சூரியன் வருமுன் முடிந்துவிடுகிறது. ஏழு மணிக்கு மொட்டைமாடியில் இருபது நிமிடம் சூரிய நமஸ்காரம் செய்தால் உடம்புக்கும் பயிற்சி, கடிகாரத்துக்கும் திருத்தம். இரவு தூக்கம் வருவதற்கான ஏற்பாடு காலையிலேயே தொடங்கிவிடுகிறது என்பது பலருக்குத் தெரியாது.

மாலையில் பயிற்சி செய்தால் இரவு தூக்கம் கெடும் என்பது அடுத்த மறுப்பு. சூரிச்சைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019-இல் 23 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். மாலைப் பயிற்சியால் பொதுவாகத் தூக்கம் கெடவில்லை, ஆழ்ந்த தூக்கம் சற்றுக் கூடியும் இருந்தது. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்துக்குள் முடியும் கடும்பயிற்சியில் மட்டும் எச்சரிக்கை தேவை. அப்படியானால் ஐந்தரையிலிருந்து ஏழு வரை உனக்குத் தாராளமாகத் திறந்திருக்கிறது. சென்னையில் கடற்காற்று வீசும் நேரமும் அதுவே. நடைமுறைத் தொல்லை எல்லாம் வயிற்றில்தான். நாலரைக்கு இரண்டு பஜ்ஜியும் டீயும் உள்ளே போனால் ஐந்தரைக்கு ஒரு முறுக்கு ஆசனமும் நடக்காது. சாப்பாட்டுக்குப் பின் மூன்று மணி நேரம், சிற்றுண்டிக்குப் பின் ஒன்றரை மணி நேரம் விடு. காஃபினில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் 5 மணி நேரம் ஆகும். ஆறு மணிக்குக் குடித்த ஃபில்டர் காபியின் பாதி பதினொரு மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது. தூக்கம் வராவிட்டால் பழியை யோகாவின்மீது போடாதே.

யோகா தூக்கத்துக்கு உதவுகிறதா என்பதற்கே சான்று இருக்கிறதா என்றும் கேட்கலாம். பெங்களூரைச் சேர்ந்த மஞ்சுநாத், டெல்லஸ் இருவரும் 2005-இல் முதியோர் இல்லம் ஒன்றில் 69 பேரைக்கொண்டு செய்த ஆய்வில், ஆறு மாதம் யோகா செய்தவர்கள் சுமார் 10 நிமிடம் விரைவாகத் தூங்கினார்கள், சுமார் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள். 2013-இல் அமெரிக்காவின் ரோச்செஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மஸ்டியன் குழுவினர் புற்றுநோய் சிகிச்சை முடித்த 410 பேரிடம் நடத்திய ஆய்வில், வாரம் இருமுறை 75 நிமிடம் என நான்கு வாரம் யோகா செய்தவர்களின் தூக்கம் மற்றவர்களுடையதைவிட மேம்பட்டது. குறைகளும் உண்டு. முதல் ஆய்வு தூங்கியவர்கள் தாங்களே சொன்ன கணக்கு. யோகா செய்கிறோம் என்பது செய்கிறவருக்குத் தெரியாமல் சோதிக்கவும் வழியில்லை. ஆனால் ஒன்றைக் கவனி: இரண்டிலும் பலன் வந்தது வாரக்கணக்கில் விடாமல் செய்ததால். இரண்டுமே அதிகாலையை மாலையோடு போட்டியிட வைத்து அளந்தவை அல்ல.

படுக்கும் முன் செய்வது வேறு வகை. கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமான மூச்சுப் பயிற்சிகள், வேகமான சூரிய நமஸ்காரம் எல்லாம் விழிப்பைத் தூண்டுபவை, அவற்றை இரவில் தொடாதே. சுவரில் கால்களை ஏற்றிவைத்து ஐந்து நிமிடம், பிறகு சவாசனம், மூச்சை நான்கு எண்ணும் அளவு இழுத்து ஆறு எண்ணும் அளவு விடுவது: இது போதும். ஒரு எண்ணுக்கு ஒரு நொடி என்றால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு வரும். இத்தாலியரான பெர்னார்டி 2001-இல் ஜெபமாலை ஜெபிக்கும்போதும் மந்திரம் சொல்லும்போதும் அளந்ததில் இரண்டிலும் மூச்சு ஏறத்தாழ இதே ஆறுக்கு இறங்கியது, இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கமும் அதற்கிசைந்தது. மதங்கள் தம்மை அறியாமல் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இவ்வளவையும் செய்துவிட்டுப் போனைக் கையில் எடுத்தால் பாதி வீண். படுக்கையில் மின்திரையில் படித்தவர்கள் அச்சுப் புத்தகம் படித்தவர்களைவிடச் சுமார் 10 நிமிடம் தாமதமாகத் தூங்கினார்கள் என்று ஹார்வர்டு ஆய்வு ஒன்று 2015-இல் காட்டியது. மின்திரையில் படித்தவர்களுக்கு மெலடோனினும் குறைந்திருந்தது.

‘இரவில்தான் எனக்குப் படிப்பு ஏறும், சனி ஞாயிறு சேர்த்துத் தூங்கிக்கொள்கிறேன்’ என்பாய். உன் வயதுக்கு முதல் பாதி உண்மைதான். அதற்காகத்தான் உன்னை ஒன்பதரைக்குப் படுக்கச் சொல்லவில்லை. இரண்டாம் பாதி ஏற்கத்தக்கதல்ல. வாரநாளில் ஒரு நேரம், விடுமுறையில் இரண்டரை மணி நேரம் தள்ளி என்றால், உன் உடல்கடிகாரம் வாரந்தோறும் சவூதிக்குப் போய்த் திரும்பி வந்ததுபோல் தடுமாறும். திங்கட்கிழமை உனக்கு ஏன் மோசமாக இருக்கிறது என்பதற்குப் பேராசிரியர்கள் மட்டும் காரணமில்லை.

ஆகவே எழும் நேரத்தை முதலில் பிடி. ஆறரை என்று வை, ஞாயிறும் அதே. பதினொன்றுக்கு விளக்கை அணை. ஒரே நாளில் முடியாது, இரண்டு நாளுக்குக் கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டு வா. காலையில் மாடியில் இருபது நிமிடம், மாலையில் முழுப் பயிற்சி, இரவில் மூச்சு. தேர்வு நாட்களில் மாலைப் பயிற்சியை விட்டால்கூடப் பரவாயில்லை, ஏழரை மணி நேரத் தூக்கத்தைக் குறைக்காதே. இவ்வளவு செய்தும் வாரத்தில் மூன்று இரவுக்குமேல் தூக்கம் வராமல் மாதங்கள் ஓடினால், அல்லது நீ குறட்டைக்கு நடுவே மூச்சு நின்று திணறுவதாக அறை நண்பர்கள் சொன்னால், யோகா ஆசிரியரை விட்டு டாக்டரிடம் போ.

மாலை வகுப்பு உண்டா என்று நாளைக்கே ஆசிரியரிடம் கேள். இல்லை என்றால் ஐந்து மணி வகுப்பிலிருந்து நின்றுவிடு. கற்றுக்கொண்டதை மாடியில் தனியாகச் செய். அவர் கோபித்துக்கொண்டால் இந்தக் கடிதத்தைக் காட்டு. என்ன சொன்னார் என்று மறக்காமல் எழுது.

அன்புடன்,
அண்ணன்