புறவழி புகும் மின்சாரம்

1895 முதல் பெரியாற்று நீர் பாயும் கம்பம் பள்ளத்தாக்கில், மடையை அடைத்த பின்னும் வயலில் நீர் வற்றாதாயின், உழவர் வரப்பில் நண்டு வளையைத் தேடுவர். மைக்ரோகண்ட்ரோலர்ப் பலகையிலும் இத்தகைய வளையொன்று உண்டு.

திராட்சைத் தோட்டத்து நீர்ப்பாய்ச்சலை ஆளும் ஆர்டுயினோ ஊனோ பலகைக்கு மின்சாரத்தை நிறுத்துகிறோம் என்க. ஆயினும் அதன் சிறுவிளக்கு மங்கலாய் எரிகின்றது. காரணம் யாது? தனி மின்கலமுடைய ஈர உணரி, உள்ளீட்டு முனையில் இன்னும் 5 வோல்ட் செலுத்துகின்றது. அம்முனையிலுள்ள காப்பு டயோடு அதனைச் சில்லின் மின்வழங்கு தடத்திற்குக் கடத்திவிடுகின்றது. டயோடில் ஏறத்தாழ 0.6 வோல்ட் கழியினும் எஞ்சுவது 4.4 வோல்ட், அட்மெகா 328பி சில்லோ 1.8 வோல்ட்டிலேயே இயங்கவல்லது.

இதனால் விளையும் கேடு இரண்டு. திகைத்து நின்ற நிரலை, ஆளியை நிறுத்தி மீளப் போட்டும் முதலிலிருந்து தொடங்கச் செய்ய இயலாது போகலாம். மேலும், மின்னோட்டம் மிகுந்தால் மெல்லிய டயோடும் முனையும் பழுதாகும்.

நிற்க. உணரிக்கும் பலகைக்கும் ஒரே ஆளி அமைத்தல் நன்று. இயலாவிடின், உள்ளீட்டுக் கம்பியில் 10,000 ஓம் தடையைத் தொடராக இணைக்க. ஓட்டம் அரை மில்லி ஆம்பியரைத் தாண்டாது. பலகையை இயக்க அது பெரும்பாலும் போதாது. ஆளியைத் திருப்பியதோடு அமையாது, தடத்தை வோல்ட்மானியால் அளந்த பின்னரே பலகை நின்றதெனக் கொள்க.